தும்பியாற்றுக்குப் பெயர் வைத்தவர்

நில அளவை அலுவலகத்தில், கோடு போடுகிறவர் என்பதால் அவரைக் 'கோட்டுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அளவைக்காரர்கள் வெயிலில் அலைந்து எழுதிக் கொண்டுவரும் குறிப்புகளை, உட்கார்ந்த இடத்தில் வரைபடமாக்குவது அவர் வேலை. ஆற்றின் பெயரை நேராக எழுதக்கூடாது. நீல மையில், சாய்ந்த எழுத்தில், தண்ணீர் ஓடும் போக்கிலேயே வளைத்து எழுத வேண்டும். அவரைவிட நன்றாக எழுதியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அவர்களில் யாரும் வரைபடத்தில் பொய் எழுதியதில்லை.

அவர் எழுதியது ஒரே ஒரு பொய். பெரிய ஆற்றில் இடப்பக்கமாக வந்து சேரும் சிறு துணையாறு ஒன்று. பன்னிரண்டு கிலோமீட்டர் நீளம். குறிப்பேட்டில் அதன் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பெயரில்லாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பது விதி. அவருடைய ஆறு வயது மகள் காய்ச்சலில் போய் அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். ஓரிடத்தில் கால் தரிக்காத பிள்ளை. வீட்டில் தும்பி என்று கூப்பிட்டார்கள். கை தன்பாட்டுக்கு எழுதியது: தும்பியாறு. எங்கிருந்து வந்த பெயர் என்று யாரும் கேட்கவில்லை. மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து, ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கையில், புதிய பதிப்புக்கான வேலை வந்தது. ஒவ்வோர் ஆற்றின் பெயரையும் நேரில் விசாரித்து, கரையில் இருப்பவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் துணையாற்றின் படிவத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மகள் பெயர் நிற்கிற இடத்தை ஒரு தரம் பார்த்துவிட ஆசை.

ஆறுகள் சேருமிடத்தில் ஒரு நீரேற்று நிலையம் இருந்தது. பம்பு பார்க்கும் பெண் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"இந்த ஆத்துக்குப் பேரு என்னம்மா?"

"அதான் போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே சார். தும்பியாறு. கண்ணாடிய மாத்துங்க."

"எப்படி வந்தது அந்தப் பேரு?"

"தும்பினு ஒரு பொண்ணு இங்க முழுகிச் செத்துச்சாம். அன்னிலேருந்து விளையாட ஆள் கேக்குது. உச்சி வெயில்ல தனியா நின்னா சிரிப்புச் சத்தம் கேக்கும்." சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "கேக்குதாடி பாவி? உன்னத்தான்! என் பையன இழுத்துட்டுப் போயி பதினோரு வருஷமாச்சு. ஆசை தீந்துச்சா உனக்கு?"

அவர் படிவத்தை விரித்தார். பெயர் தவறு என்று படிவத்தில் ஒரு வரி எழுதினால் மகள்மேல் விழுந்த பழி போய்விடும். அவள் இருந்தாள் என்று சொல்லும் கடைசி எழுத்தும் அதோடு போய்விடும்.

"அது என் பொண்ணும்மா," என்றார். "தண்ணியில போகல. வீட்டுல, என் மடியில, காய்ச்சல்ல போனா. இந்த ஆத்த அவ பாத்ததே இல்ல. படத்துல பேர எழுதுனது நான்தான். அதப் பாத்துத்தான் போர்டு வெச்சிருக்காங்க."



"அப்ப என் பையன யாரு சார் இழுத்தது?"

அவருக்குத் தெரிந்தது தண்ணீரின் போக்கு மட்டும்தான். அதைச் சொன்னார். துணையாறு நெடுக மரநிழலிலேயே வருவதால் அதன் நீர் குளிர்ந்தது, கனமானது. பெரிய ஆற்றின் வெதுவெதுப்பான நீருக்கு அடியில் நுழைந்துகொள்ளும். மேலே சலனமே தெரியாது, கீழே காலை வாரிவிடும். சொல்லி முடித்தபோது, உண்மை எவ்வளவு ஆளில்லாத இடம் என்று அவருக்கே பட்டது.

"ஆக, யாருமே இல்ல."

"யாரும் இல்லம்மா. பேர எடுத்துடறேன்."

அவள் படிவத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். "எடுத்துட்டா? தெனம் நான் யாரோட சண்டை போடறது? வெறும் தண்ணியோடயா?" சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "இருக்கட்டும் சார். எனக்குத் திட்ட ஒரு ஆளு வேணும்."

மகளைக் கொலைகாரியாக அங்கே விட்டுவிட்டுப் போவதா? படிவத்தை அவளிடமிருந்து வாங்கினார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார்.

"திட்டுங்க. சத்தமா மட்டும் வேணாம்மா. சட்டுனு அழுதுடுவா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கரையோரம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, தண்ணீரிடம் சொன்னாள்:

"ஏய், உங்கப்பா வந்திருக்கார்டி."