காட்டு மிளகின் இலை

வெலிமடை பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவி, பறித்து வந்த ஒவ்வொரு கொடியையும் முகர்ந்து பார்த்துவிட்டே பழைய பத்திரிகைக்குள் வைத்தாள். நான் கண்ணசந்த நேரத்தில் மடியிலிருந்த என் மகன் அதில் ஓர் இலையைக் கடித்துவிட்டான்.

"ஐயோ, விஷமா தங்கச்சி?"

"இல்லக்கா, காட்டு மிளகு. மிளகு, வெத்தில, திப்பிலி எல்லாம் ஒரே பேரினம். நாம தின்னுற சாதிதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடலாமா என்று தவித்தேன். மகன் கடித்த மிச்சத்தை அவள் தன் வாயில் போட்டு மென்றாள். காரத்தில் அவள் கண் கலங்கியது.

"எந்த ஊரும்மா?"

"நமுனுகுல. தேயிலத் தோட்டத்துல எங்க லயத்து வரிசை வீடுகள்லருந்து கம்பஸ் படிக்கப் போற மொத ஆளு நான்தான். இலையப் பத்தித் தப்பாச் சொன்னா அம்மா கொழுந்துக் கூடையாலயே அடிப்பாங்க!"

பிறந்த இடத்தைத் தணிந்த குரலிலேயே சொல்லிப் பழகிய நான், பஸ் முழுக்கக் கேட்கும்படி, "நானும் லயத்துப் புள்ளதான்" என்றேன்.