ஹனோய் காபிக் கடையில் அப்பா

வியட்நாம் வந்த இடத்தில், ஹனோய் சந்தை நெரிசலில் இன்று அப்பாவைத் தொலைத்துவிட்டேன். ஊரில் எங்கள் செல்லூரைத் தாண்டினாலே வழி கேட்டு நடப்பவர். இங்கே எந்த மொழியில் கேட்பார்? அவர் போனும் என் பையில்.

சந்து சந்தாக ஓடினேன். கடைசியில் ஒரு சின்னக் காபிக் கடை வாசலில், குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடைக்கார அம்மா தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கய்யா போன? உன்னையக் காணோம்னு நானும் இந்தம்மாவும் இம்புட்டு நேரமாத் தேடுறோம்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நீயும் குடி. பாலு எம்புட்டுக் கெட்டி பாரு. எனக்கு இது ரெண்டாவது கப்பு."

குடித்தேன். போன உயிர் திரும்பி வந்தது. அப்படியொரு காபி!

ஆனால் மேலே மிதந்தது பால் இல்லை, அடித்த முட்டை; இந்த ஊரின் பேர்போன முட்டைக் காபி. அப்பா வெள்ளிக்கிழமைகளில் முட்டையைத் தொடமாட்டார். இன்று வெள்ளி.

சொல்லிவிடவா, வேண்டாமா?