இரண்டு ஊசி, ஒரு வரி

என் மனைவி மாட்டு டாக்டர். நான் கம்ப்யூட்டரில் பிழைப்பவன். யார் வேலை பெரிது என்ற சந்தேகம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. கிராமங்களில் என்னை ‘டாக்டரம்மா வூட்டுக்காரர்’ என்றுதான் சொல்கிறார்கள். குடியிருப்பது சிங்கப்பெருமாள் கோயிலில். நான் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்துக்குப் போகிறேன். அவள் ஸ்கூட்டரில் படாளம் தாண்டி ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகிறாள். பிறந்தது நாமக்கல் பக்கம் என்பதால் எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவாள்.

அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. சர்க்கார் பதிவேடு வேறு, அதில் ஒரு மாட்டைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். இது அவளுடைய சொந்த நோட்டு. எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் சினை ஊசி போட்டது, எப்போது கன்று போடும் என்று எழுதி வைத்திருப்பாள். தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவாள். ஒரு கார்த்திகை மழையில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போய், நோட்டு முழுக்க நீலமாகிவிட்டது. அன்று மாலை மின்விசிறிக்கு அடியில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்தாள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கடைசியில் என் வித்தைக்கும் இந்த வீட்டில் ஒரு வேலை வந்ததே என்று.

நோட்டுக்குப் பதிலாக அவள் போனில் ஒரு செயலி எழுதித் தரலாம் என்று அலுவலகச் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தேன். “க்ளவுட்ல போட்டுடு மச்சான், ஜோரா ஒரு டாஷ்போர்டு வெச்சிடலாம்” என்றான் ஒருவன். இன்னொருவன் நாப்கினிலேயே மூன்று சர்வர்கள் வரைந்துவிட்டான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேடந்தாங்கல் ஏரிக்குப் பின்னால் இருக்கும் ஊர்களில் போனை உயரத் தூக்கிப் பிடித்தாலும் சிக்னல் ஒரு கோடு வராது. அங்கே மாட்டின் பின்புறம் கையுறையோடு நிற்பவளுக்கு க்ளவுட் எதற்கு? கொசுவை அடிக்கப் பீரங்கியா?

நான் தேர்ந்தெடுத்தது எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ். பெரிய டேட்டாபேஸ்களுக்குத் தனியாக ஒரு சர்வர் வேண்டும். அது ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். நாம் எழுதும் செயலிக்குள்ளேயே, போனுக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். மாடு, மாட்டுக்காரர், ஊசி, தேதி எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கோப்பு. வாரம் ஒருமுறை அந்தக் கோப்பை எனக்கு மெயிலில் வரும்படி செய்தேன். நனைந்துபோகும் என்ற பயம் தீர்ந்தது.

அதன் குணம் போகப் போகத்தான் பிடிபட்டது. அது யாரோடும் சண்டை போடாது. எண் மட்டும் வரவேண்டிய கட்டத்தில் எழுத்தைப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். ‘பால் எத்தனை லிட்டர்’ என்ற இடத்தில் அவள் ஒருநாள் ‘பரவாயில்லை’ என்று எழுதியிருந்தாள். அதுவும் பத்திரமாக உள்ளே இருந்தது. இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஒரு குறை வந்தது. ஈரக் கையோடு அவள் இரண்டு மூன்று தடவை பொத்தானை அமுக்கிவிடுவாள். “ஏங்க, ஒரே மாடு மூணு தடவ வருதுங்க” என்றாள். இது ஒரு பிரமாதமா என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் எண் போட்ட வில்லை உண்டு. அந்த எண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும், ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதியதை வை என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரே ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுக் காபி கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏரிக்குப் பின்னால் ஓர் ஊரில் ஓர் அம்மா இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இல்லை. மகளை மாமல்லபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வீட்டில் அவரும் ஒரு செவலைப் பசுவும்தான். பசுவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. போட்ட இரண்டு கன்றும் காளை. “இந்த வாட்டியாச்சும் பொட்டக் கண்ணு போட்டா எனக்கு அது போதும் டாக்டரம்மா. இது போனதுக்கு அப்பால எனக்கு யாரு கீறா?” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். அடுத்த கன்றை நம்பித்தான் அவருடைய மிச்ச வாழ்க்கை இருந்தது.

அந்தப் பசுவுக்கு மார்ச் நடுவில் என் மனைவி ஊசி போட்டாள். மூன்று வாரம் கழித்து, சினை பிடிக்காத மாடு போல அது மறுபடி கத்துவதாக அந்த அம்மா ஆள் விட்டார். சினை பிடித்த பிறகும் சில மாடுகள் ஒருமுறை அப்படிக் கத்துவது உண்டு. மூன்று வாரத்தில் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால் இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டு, போனில் ஏற்றினாள். நான் சொல்லிவைத்தபடி டேட்டாபேஸ் மார்ச் வரியை எடுத்து எறிந்துவிட்டு ஏப்ரல் வரியை வைத்துக்கொண்டது. ஒரு சத்தம் இல்லை.

ஜூலையில் சினை பார்க்கப் போனாள். நான் அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது போன் வந்தது.

“ஏங்க, இந்த மாட்டுக்கு நாலு மாசம் இருக்கிற மாதிரி கைக்குத் தெரியுது. போன்ல ஏப்ரல்னு காட்டுது. அதுக்கு முன்னால ஊசி ஏதும் போட்டிருக்கறனா பாருங்க.”

நான் பார்க்கவில்லை. “இருந்தா காட்டாதா? ஒண்ணு காட்டுதுன்னா ஒண்ணுதான் இருக்கு” என்றேன். அவள் ஒரு நாளைக்குப் பத்து மாட்டைப் பார்ப்பவள். நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு ஊசி நினைவில் நிற்குமா? சரிங்க என்று வைத்துவிட்டாள். தன் கையை விட்டுவிட்டு என் போனை நம்பினாள்.

டிசம்பரில் அரையாண்டு லீவு. அந்த நாட்களில் மாமல்லபுரத்தில் நிற்க இடம் இருக்காது. மகளும் மருமகனும் கடற்கரைக்குப் போகும் வழியில் தள்ளுவண்டியில் மாங்காய், வெள்ளரி நறுக்கி விற்கிறார்கள். லீவு நாட்களில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இந்த அம்மா போவது வழக்கம். போகும் முன் மருந்தகத்துக்கு வந்து கேட்டிருக்கிறார்.

“மடி கொஞ்சம் எறங்கினாப்ல கீது டாக்டரம்மா. பத்து நாளு போய்ட்டு வரலாமா, வாணாமா?”

என் மனைவி போனைப் பார்த்தாள். “சில மாட்டுக்கு முன்னாடியே இறங்கும்க்கா. பொங்கலை ஒட்டித்தான் தேதி காட்டுது. நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

தண்ணி காட்டப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு விடியற்காலையில் பசு யாரும் இல்லாமல் கன்று போட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தபோது எனக்கு விடுமுறை. காரில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வேடந்தாங்கல் சாலை முழுக்கப் பறவை பார்க்க வந்த வண்டிகள். ஒரு வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். அதன் ஜன்னலில் குழந்தைகள் பைனாகுலரைத் திருப்பி எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவள் பதிலுக்குக் கையசைத்தாள். நான் ஸ்டியரிங்கில் குத்தினேன்.

முன்பே சேதி போயிருந்ததால் அந்த அம்மா எங்களுக்கு முன்னால் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கோணிப்பையின் மேல் கன்று கிடந்தது. பசு இன்னும் அதை நக்கிக்கொண்டிருந்தது. என் மனைவி மண்டியிட்டு உட்கார்ந்து, கன்றின் மூக்கை விரலால் தொட்டாள். பனிக்குடத்துச் சவ்வு இரண்டு மூக்குத் துளையையும் மூடிக் காய்ந்திருந்தது. கன்றில் வேறு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டிருந்தால் மூச்சு விட்டிருக்கும். அது கிடேரி, அந்த அம்மா கேட்ட பொட்டைக் கன்று.

அவள் எழுந்தாள். “என் தப்புக்கா. தேதி நான் சொன்னதுதான்” என்றாள்.

நான் கொட்டகையின் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜூலையில் பார்க்காமலே சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவன் அங்கே கார்ச் சாவியோடு நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மடி எறங்கச் சொல்லோ நானும் கண்ணால பாத்துகினுதான போனேன்” என்றார். பிறகு, “தண்ணி குடிக்கிறியா டாக்டரம்மா?” என்று கேட்டார்.

வீடு திரும்பியதும் மெயிலில் வந்து கிடந்த பழைய கோப்புகளைத் திறந்தேன். மார்ச் கடைசி வாரத்துப் பிரதியில் அந்த வரி இருந்தது. காது வில்லை எண், மார்ச் நடுவில் ஒரு தேதி, அவளுடைய சுருக்கெழுத்து. ஏப்ரல் பிரதியில் இல்லை. அங்கிருந்து எண்ணினால் அதே டிசம்பர், அதே வாரம். திரையை அவள் பக்கம் திருப்பினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“யாருங்க அழிச்சது?”

“நான் அழிக்கல. அது…”

“நீங்க சொல்லாம அதுவா அழிக்குமா?”

“நோட்டுல நான் அடிச்சது கூட அடியில தெரியும்ங்க” என்று மட்டும் சொன்னாள். பிறகு கை கழுவப் போனாள். அன்று வெகுநேரம் கழுவினாள்.

உண்மையைச் சொன்னால் டேட்டாபேஸின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதைச் செய்தது. இருபது வருஷமாக இதே வேலை செய்கிறேன். இரட்டை வரியைத் தடுக்க எண்ணும் தேதியும் சேர்ந்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பழையதைத் தொடவே வேண்டியதில்லை. அந்த இரவே திருத்தினேன். இனி எந்த வரியும் போகாது. தப்பான வரிக்குப் பக்கத்தில் ‘தப்பு’ என்று ஓர் அடையாளம் வரும், வரி அப்படியே இருக்கும். ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மாட்டுப் பொங்கல் முடிந்த வாரம், அவளிடம் சொல்லாமல் தனியாக அந்த ஊருக்குப் போனேன். பசுவின் கொம்பில் நீலச் சாயம் இன்னும் போகவில்லை. அந்த அம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

“தப்பு டாக்டரம்மாவோடது இல்லம்மா. போன்ல இருக்கிறது நான் செஞ்சது. அவ போட்ட முதல் ஊசிய நான்தான் தொலைச்சேன்” என்றேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. “அது அன்னிக்கே தெரியும்.”

“எப்படி?”

“டாக்டரம்மா தம் மேல போட்டுக்கச் சொல்லோ, நீ தலைய தொங்கப்போட்டுகினு நின்னியே. மாடு பாக்கத் தெரிஞ்சவளுக்கு மனுசன் மூஞ்சி தெரியாதா?”

கூடையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார்.

“அந்தப் போனுதானா இது? அதுல எம் மாடு கீதா?”

“இது என்னோட போன். ஆனா அவ போன்ல இருக்கிறது எல்லாம் இதுலயும் இருக்குது.”

“அந்தக் கண்ணு கீதா?”

இல்லை. பசுவின் வரியில் ‘கன்று ஈன்றது’ என்று ஒரு குறி இருந்தது, அவ்வளவுதான். கன்றுக்குத் தனி வரி வேண்டுமானால் காது வில்லை எண் வேண்டும். அப்படித்தான் நான் கட்டியிருந்தேன். வில்லை போடும் வரை உயிரோடு இராத கன்றுக்கு அதில் இடமே இல்லை. இல்லை என்று தலையசைத்தேன்.

“இல்லையா?” என்றார். “ஒம்பது மாசம் சொமந்துச்சே நைனா, இது.”

அங்கேயே, பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். புதிய வரி; வீட்டுக்குப் போனதும் அவள் போனிலும் ஏற்றிவிடலாம். தாய், தேதி, ‘கிடேரி’, ‘செவலை’ எல்லாம் போட்டேன். எண் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். அந்த எண்தான் ஒரு வரிக்கு அடையாளமே. அதைக் காலியாக விட்டால் எனக்குத் தெரிந்த பெரிய டேட்டாபேஸ்கள் எல்லாம் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லிவிடும். அமுக்கினேன். இது வாங்கிக்கொண்டது.

“இன்னா போட்ட, படி.”

படித்தேன். அவர் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

“நெத்தில வெள்ளையா ஒரு பொட்டு இருந்திச்சு, இதும் மாரியே” என்றார். “அத்தயும் போடு.”

போட்டேன்.