வால் வராமல் கால் நகராது

பேத்தி பிறந்து முப்பத்தெட்டு நாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் கண்ணை மூடினால் மிக்ஸி ஓடக்கூடாது. கண்ணைத் திறந்தால் யாரும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. வெல்டருக்கு இதில் துளி வருத்தம் இல்லை. இரும்போடு மல்லுக்கட்டி உள்ளங்கை காய்த்துப்போன மனுஷன். பிஞ்சுக் கன்னத்தில் கீறிவிடுமோ என்று பயந்து புறங்கையால்தான் தொடுவார். தொட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

அவரை அரித்தது வேறு. போனில் பைக் குரூப் ஊமையாகிவிட்டது.

குரூப்பில் ஏழு பேர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சனி ஞாயிறு இரண்டு நாளும் காட்டுவழியில் பைக் ஓட்டுவார்கள். தார் ரோட்டில் சக்கரம் படக்கூடாது. கல்லு, சேறு, ஓடை, மேடு, இவ்வளவுதான் பாதை. போய்வருவது இரண்டு நாள் என்றால், அதற்குத் திட்டம் போடுவது மூன்று வாரம். எந்த டயர், எவ்வளவு காற்று, யார் கூடாரம், யார் ரொட்டி என்று போன் நாள் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். இப்போது பயணத்துக்கு இரண்டே வாரம்தான் பாக்கி. குரூப்பில் வருவதோ பூப்படம் போட்ட காலை வணக்கம் மட்டும்.

"நம்ம அடுப்புல புகையே காணோம்னா, பருப்பு வேற எங்கயோ வேகுதுன்னு அர்த்தம்" என்று மனைவியிடம் சொன்னார்.

"குழந்தையைத் தூக்குங்க. சந்தேகத்தைக் கீழ வைங்க" என்றாள் அவள்.

வைக்க முடியவில்லை. காரணம் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் முதலில் போகிறவர் பல் டாக்டர். அவருக்குப் பெயர் தலை. கடைசியில் வருகிறவர் வெல்டர். அவருக்குப் பெயர் வால். காட்டில் வழி பிரியும் ஒவ்வொரு முக்கிலும், தலைக்கு அடுத்து வருகிறவர் வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். எல்லாரும் தாண்டிப் போய், கடைசியாக வால் வந்து கையை அசைத்தால்தான் அவருக்கு விடுதலை. அதுவரை மழையோ வெயிலோ, அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. 'வால் வராம கால் நகராது' என்பது அவர்களுக்குள் சத்தியம் மாதிரி. சொல்லிக்கொடுத்ததே வெல்டர்தான்.

ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, அவர் அதை விடவில்லை என்பார். பழைய இரும்புக்கடையில் துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் முதல் பைக்கைச் சேர்த்தார். மற்ற ஆறு பேரும் படித்தவர்கள். அந்தப் படித்த ஆறு பேரையும் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வருகிற பொறுப்பு மட்டும் அவர் கையில். கயிறு, பம்பு, ஸ்பேனர், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர் வண்டியில். பேத்தியை மடியில் போட்டால் முதலில் சொல்லுவது இதைத்தான்.

"பதினோரு வருஷம். ஒருத்தனைக்கூட வழியில விட்டுட்டு வந்ததில்ல உன் தாத்தா. தெரிஞ்சுக்கோடி ராஜாத்தி."

ராஜாத்தி கொட்டாவி விடுவாள். அவரும் விடாமல் அடுத்த கதைக்குப் போவார். போன பயணத்தின் நடுவில்தானே அவள் பத்து நாள் முன்னதாகவே வந்து குதித்தாள்! மேட்டில், மகளுக்கு வலி என்று போன் அடித்ததும், வண்டியைத் திருப்பி, பறந்துவந்து, சேறு அப்பிய பூட்ஸோடு பிரசவ வார்டு வாசலில் நின்றதும், நர்ஸ் திட்டியதும், அங்கிருந்தே குரூப்புக்குப் படம் அனுப்பியதும். அந்தப் படத்துக்கு வந்த வாழ்த்துகள் ஓய்ந்த பிறகுதான் குரூப் இப்படி அடங்கிப்போனது.

'தாத்தா ஆயிட்டேன்ல. கிழவனைக் கழட்டி விடப் பாக்கறானுங்க.' இதுதான் வெல்டரின் கணக்கு.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்குக் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். குரூப்பில் வயதில் சின்னவர். மூக்குக்கண்ணாடி விற்கிறவர், ஆனால் நேருக்கு நேர் பார்க்கமாட்டேன் என்கிறார். இடது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்.

"கைக்கு என்னடா?"

"மாடிப்படியில வழுக்கிட்டேன், அண்ணே. சரியாயிடுச்சு. வண்டிக்குப் பின்னாடி ஒரு கேரியர் பத்த வைக்கணும். அளவு எழுதிட்டு வந்திருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மா. கடைச் சாமான் வைக்க."

வெல்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பதினாலு அங்குலம், ஒன்பதே கால் அங்குலம். இடது பக்கம் ஒரு கொக்கி.

"கொக்கி எதுக்குடா? கண்ணாடி டப்பாவைக் கயிறு கட்டி இழுக்கப் போறியா?"

"இருக்கட்டுமேன்னுதான், அண்ணே" என்றவர், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டர் மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. பதினாலுக்கு ஒன்பதே கால் அளவில் உலகத்தில் ஒரே ஒரு பெட்டிதான் உண்டு. மிச்சம் விழுந்த தகட்டை வீணாக்காமல் அவர் தன் கையால் மடித்துச் செய்த பெட்டி. வாலின் சாமான் பெட்டி. இப்போதும் அவர் வண்டியில்தான் இருக்கிறது. ஆக, அவர் இடத்துக்கு வரப்போகிறவனின் வண்டியில், அவர் பெட்டி உட்கார, அவரையே இருக்கை செய்து கொடுக்கச் சொல்கிறார்கள். வெட்டப்போகிற கத்தியை ஆட்டிடமே கொடுத்துத் தீட்டச் சொன்ன கதை.

முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு பத்தவைத்தார். கோபத்தில் ஒரு மூலையை அரைகுறையாக விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. நாலு மூலையும் நகை மாதிரி வந்தது. அதற்கும் சேர்த்துத் தன் மேலேயே கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் மச்சான் குழந்தையைப் பார்க்க வந்தான். மனைவியின் தம்பி, குரூப்பில் அவனும் உண்டு. குழந்தைக்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தபோது அவன் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தான். வெல்டரின் கழுத்து நீண்டது. போன் குப்புறப் படுத்தது.

"யாரு மச்சான்?"

"ஆஃபீஸ்ல இருந்து, மாமா."

"உங்க ஆஃபீஸ்ல சேத்துக்கு எந்த டயர் போடறதுன்னா கேப்பாங்க?"

"நீங்க படிச்சிட்டீங்களா?"

"படிக்கல. இப்ப நீதான் சொன்ன."

மச்சான் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவசர வேலை என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். வெல்டர் அடுத்த சந்தேகத்தை மனைவி மேல் திருப்பினார்.

"நீதான் சொல்லி வச்சியா? வயசாயிடுச்சு, அவரை விட்டுடுங்கன்னு?"

"ஏங்க, நீங்க ரெண்டு நாள் வெளிய போனா வீட்ல மூணு பேரும் நிம்மதியா தூங்குவோம். அதை நானே கெடுத்துப்பனா?"

நியாயமாகத்தான் பட்டது. அப்படியானால் வேர் டாக்டரிடம் இருக்கிறது.

மறுநாள், இல்லாத வலிக்குக் கீழ்வரிசையில் ஒரு பல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். சாய்நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கை முகத்தில் அடித்து, டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"எந்தப் பல்லுண்ணே?"

வெல்டர் விரலைக் குத்துமதிப்பாக வைத்தார்.

"அட, நல்ல சொத்தை. எப்படிப் பொறுத்துக்கிட்டிருந்தீங்க?"

பொய் சொல்லப் போன இடத்தில் பல் உண்மை பேசிவிட்டது. ஊசி, பஞ்சு, குழாய் என்று வாய் நிறைந்தது. கண் மட்டும் வேலை செய்தது. கருவித் தட்டுக்கு அடியில் ஒரு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. காட்டுவழி வரைபடம். ஓரத்தில் வரிசையாக ஏழு வட்டம். முதல் வட்டத்தில் தலை. இரண்டாவதில் வெல்டர். கடைசி வட்டத்தில் கண்ணாடி.

"ஆங்!" என்று விரலை நீட்டினார்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கருவியைக் கீழே வைத்தார்.

"சரி, வாயில பஞ்சு இருக்கறப்பவே சொல்லிடறேன். எடுத்துட்டா நீங்க பேசியே ஜெயிச்சிடுவீங்க. போன தடவை பொண்ணுக்கு வலின்னு போன் வந்துது. வண்டியைத் திருப்பிட்டுப் போனீங்க. சரியா?"

"ஆங்."

"யார்கிட்ட சொல்லிட்டுப் போனீங்க?"

வெல்டர் வாய் திறந்தபடியே இருந்தது. மனைவி மச்சானிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது. அந்த மச்சானும் சிக்னல் இல்லாத அதே காட்டுக்குள் ஏதோ ஒரு முக்கில்தானே நின்றிருப்பான் என்பது இத்தனை நாள் கழித்து இந்த நாற்காலியில்தான் உறைத்தது.

"ஓடை முக்குல கண்ணாடி நின்னான். பத்தரை மணிக்கு நின்னவன், மூணு மணி வரைக்கும் மழையில நின்னிருக்கான். வால் வராம கால் நகராது. நாங்களும் முன்னாடி ஆளுக்கொரு முக்குல நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கறோம். அப்புறம் அவனுக்குப் பயம் வந்துடுச்சு. அண்ணன் எங்கயோ விழுந்துட்டாருன்னு திரும்பி நடந்து, பள்ளம் பள்ளமா எட்டிப் பார்த்துக் கூப்பிட்டிருக்கான். ஒரு பள்ளத்துல சறுக்கினதுதான் அந்த மணிக்கட்டு."

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டார். விளக்கு கூசியதாக டாக்டர் நினைத்திருக்கலாம்.

"அஞ்சு மணிக்கு மேட்டுல சிக்னல் கிடைச்சுது. பார்த்தா உங்க பேத்தி படம். ஆறு பேரும் சேத்தோட நின்னு பார்த்தோம். கண்டபடி திட்டணும்னு வந்தவன்கூட சிரிச்சுட்டான். அந்த மொட்டைத்தலையும் அந்தக் கொட்டாவியும்! உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கண்ணாடிதான் கட்டாயமா சொன்னான். குழந்தை பொறந்த நாளை நினைக்கறப்பல்லாம் அண்ணனுக்கு இதுவும் சேர்ந்து ஞாபகம் வரும்னான். ஆனா வாலை மாத்தணும்னும் அவன்தான் சொன்னான். நாளைக்குப் பேத்திக்குக் காய்ச்சல்னு போன் வந்தா, இருப்பீங்களா?"

இருப்பேன் என்று சொல்ல வாயில் பஞ்சு இருந்தது. பஞ்சு இல்லாவிட்டாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

"கிழவனாயிட்டீங்கன்னு இல்லண்ணே. கிழவன்னா பரவாயில்ல. புதுத் தாத்தா. அதான் ஆபத்து."

அன்று இரண்டு விஷயங்கள் அடைபட்டன. ஒன்று சொத்தைப் பல். இன்னொன்று அந்தப் பதினோரு வருஷக் கதை. மடியில் கிடந்த பேத்தியிடம் வழக்கம்போல ஆரம்பித்தவர், "ஒருத்தனைக்கூட" வரை வந்துவிட்டு, அவள் கால்விரலை எண்ணத் தொடங்கிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் கண்ணாடிக்கடை திறந்ததும், மேஜை மேல் தகரப் பெட்டியை வைத்தார்.

"உன் கேரியர்ல இதைத் தவிர எதுவும் உக்காராது. எடுத்துக்கோ."

கண்ணாடிக்கடைக்காரர் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"ஏன்டா, உன் வீடு தரைவீடு. கடையும் தரையிலதான் இருக்கு. எந்த மாடிப்படியில வழுக்கின?"

"நீங்க கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டேதான் இருந்தேன், அண்ணே."

"ஊரையே சந்தேகப்பட்டேன். இதை மட்டும் விட்டுட்டேன் பாரு." பட்டை கட்டிய அந்தக் கையைப் பேத்தியின் கன்னத்தைத் தொடுவது போலப் புறங்கையால் தொட்டார். "கையை மடக்கு. வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. உனக்கு வராது."

ஞாயிற்றுக்கிழமை புது வழியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய ஏழு பேரும் கிளம்பினார்கள். இரண்டாவது வண்டி வெல்டர். முதல் முக்கு வந்தது. டாக்டர் இடது பக்கம் திரும்பிப் போனார். வெல்டர் நிறுத்தி, இறங்கி, கை காட்டினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

மூன்று வண்டி தாண்டியது. நாலாவதாக மச்சான் வேகத்தைக் குறைத்தான்.

"ஸ்டூல் வேணுமா, மாமா?"

"போடா டேய்."

அப்புறம் யாரும் வரவில்லை. பத்து நிமிடம். இருபது. அரைமணி நேரம். போன் ஒரு தடவை துடித்தது. மகள் படம் அனுப்பியிருக்கிறாள். சிக்னல் இழுத்துப் பிடித்து நெற்றி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பத்தடி தள்ளி மேடு. ஏறினால் மூக்கு வாய் எல்லாம் வரும். வெல்டர் மேட்டைப் பார்த்தார், வழியைப் பார்த்தார், நின்ற இடத்திலேயே நின்றார்.

நாற்பது நிமிடம். விழுந்துவிட்டானா? வலிக்கிற கையோடு சேற்றிலிருந்து வண்டியை இழுக்கிறானா? இல்லை, வேண்டுமென்றே பழி வாங்குகிறானா? அவன் நாலரை மணி நேரம் நின்றது நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து உறுமல் கேட்டது. கண்ணாடிக்கடைக்காரர் ஆடி அசைந்து வந்தார். மீசையில் பிஸ்கட் தூள்.

"வேணும்னேதான் லேட்டா வந்த!"

"சந்தேகமாண்ணே?" என்று சிரித்து, கையை உயர்த்தி அசைத்தார். "போகலாம், விடுதலை."

வெல்டர் வண்டியைத் தொடவே இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.

"அண்ணே, எல்லாரும் அங்க நிக்கறாங்க. கிளம்புங்க!"

"வால் எனக்கு முன்னாடி போகக்கூடாதுல்ல? நில்லு." திரையில் மூக்கு வந்தது. வாய் வந்தது. பல்லில்லாத ஒரு சிரிப்பு வந்தது. வெல்டர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அதட்டினார். "தனியா நின்னு என்னடா பண்ற? மேல வா. வந்து பாரு. சிரிக்கிறாடா!"