ஜீப்பைக் கூட்டி வந்தவன் நான்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கொடுமுடிக்கு மேற்கே பாறையாய்க் கிடந்த காட்டைக் கடப்பாரையால் உடைத்துத் தோட்டமாக்கினேன். ஆற்றோரம் கிணறெடுத்துக் குழாயில் தண்ணீர் கொண்டு வந்தேன். முடியாது என்றவர்களே பின்னால் வந்து குழாய் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். மாடி வீடு, டிராக்டர், இரண்டு பெண்களின் கல்யாணம், எல்லாம் நானாய்ச் செய்தது. ஆனால் ஊரில் என் பேச்சை எடுத்தால் அந்த ஒருநாள் விருந்தைத்தான் சொல்கிறார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை. சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் குலை தள்ளிய வாழையெல்லாம் இடுப்போடு ஒடிந்தது. எனக்குப் பாதி போனது. கரும்பும் தென்னையும் இருந்ததால் தாங்கிக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி என்னைவிட இளையவன். அவனுக்கு வாழை மட்டும்தான், ஒன்றுகூட நிற்கவில்லை. அரசாங்க நிவாரணம் வந்தால்தான் மறுபடி கன்று நட முடியும்.

அதிகாரிகள் ரோட்டோரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்றார் மணியகாரர். நான் விடுவேனா? தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தேன். வருவாய் ஆய்வாளர் வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். வேலிகளுக்கு நடுவே தோட்டத்துக்கு வரும் எங்கள் இட்டேரியில் அதுவரை மாட்டுவண்டிதான் வரும். லோடு லோடாய் மண் கொட்டி, டிராக்டரை விட்டு நிரவி, ஜீப்பை என் வீட்டு வாசல்வரை வரவைத்தேன்.

சாப்பிடாத விருந்தாளியிடம் கஷ்டத்தைச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கோழி அடித்திருந்தோம். அவசரம் என்றவரை, "ஏனுங்க, இத்தன தூரம் வந்துபோட்டு ஒரு வாய் சாப்புடாமப் போறதுங்களா?" என்று நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பங்காளி பரிமாறினான். உங்களுக்கு என்ன சேதம் என்று இலையிலிருந்தே அவனைக் கேட்டார் ஆய்வாளர்.

"அது கெடக்குதுங்க. நீங்க நல்லாச் சாப்புடுங்க. இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்றான்.

நானும் தலையாட்டினேன். சாப்பிட்டதும் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றுதான் இருவருக்கும் எண்ணம்.

அவர் கை கழுவும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் கொட்டிய புதுமண் சேறாவதற்குள் கிளம்ப வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். வாசலிலிருந்து தெரிந்த என் தோட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டு ஆய்வாளர் ஏறிவிட்டார். பங்காளி நனைந்துகொண்டே ஜீப்போடு நடந்து, தன் காட்டையும் ஒரு எட்டுப் பார்க்கச் சொன்னான். மறுபடி வருகிறேன் என்றார். வரவில்லை. நான் போய்க் கேட்டபோது, கணக்கு மேலே போய்விட்டது என்றார்கள்.

நிவாரணம் எனக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. கன்று நான் தருகிறேன் என்று அவன் வீட்டுக்கே போனேன்.

"வேண்டாமுங்கண்ணா. உங்க விருந்தே இன்னுஞ் செரிக்கலீங்க."

மாடுகளை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பல்லடம் பக்கம் தறி ஓட்டப் போய்விட்டான். அவன் காட்டில் இன்று சீமைக்கருவேலம் நிற்கிறது. அந்த வேலியோரம் போகும்போது எனக்குத் தலை நிமிராது.

விருந்தால் கெட்டது என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த இட்டேரிக்கு முதல் ஜீப்பைக் கொண்டுவந்தது யார்? இன்றைக்கும் காற்றோ மழையோ அடித்தால் ஆபீஸ்காரர்கள் உள்தோட்டம்வரை வருவது நான் போட்ட தடத்தில்தான். விருந்தைச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல்லடத்தில் இருக்கிறவனும் சொல்ல வேண்டும்.