குட்டை ஸ்டாண்டு

சாவு வீட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவன் என்று சொன்னால் இப்போது முகம் சுளிப்பார்கள். தொண்ணூறுகளில் ஈஜிபுராவில் ஸ்டூடியோ வைத்திருந்த எனக்கு அதுதான் பாதிப் பிழைப்பு. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள் எங்கள் ஏரியா முழுக்க இருந்தார்கள். கல்யாணத்தை ஊருக்குப் போய் வைத்துக்கொள்வார்கள். சாவு நம்மைக் கேட்டுக்கொண்டா வரும், அது இங்கேயே வந்துவிடும். இறந்தவரைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டார் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பல பேருக்கு ஆயுசுக்கும் அந்த ஒரு படம்தான்.

பிணம் தானாக உட்காராது. மார்போடு சேர்த்து நாற்காலி முதுகில் ஒரு துண்டால் கட்ட வேண்டும். இறந்தது பெண் என்றால் அந்தக் கட்டைப் போட என் மனைவிதான் வருவாள். துண்டு தெரியாதபடி முந்தானையை மடித்துவிடுவாள், தலை சாயாமல் கழுத்துக்குப் பின்னால் துணியைச் சுருட்டிச் செருகுவாள், அழுகிறவர்களை அதட்டி வரிசையில் நிறுத்துவாள். நான் கேமராவின் தலையில் ஃப்ளாஷை மாட்டி நேராக முகத்தில் அடிப்பேன். மஞ்சள் பூசிய முகம் எண்ணெய் வழிவதுபோல மின்னும். பின்னால் சுவரில் நிழல் கரியாக ஒட்டிக்கொள்ளும். பிரிண்ட் வந்ததும் அவள் பார்த்துவிட்டு, போலீஸ்காரன் எடுத்த படம் மாதிரி இருக்கிறது என்பாள். செத்தவருக்கு இதற்குமேல் என்ன அழகு வேண்டியிருக்கிறது என்று நான் எரிந்து விழுவேன்.

பிறகு அவளுக்கே கர்ப்பப்பையில் புற்று வந்தது. அடுகோடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்கு நாயாக அலைந்தோம். கடைசியில் டாக்டர், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே அவள், ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து இறக்கித் தள்ளி வைத்து அடிக்க ஒரு சாஃப்ட்பாக்ஸும் ஸ்டாண்டும் வாங்கலாம் என்றாள். இந்த நேரத்தில் இதுவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு வெளியே போய் வரட்டுமே என்றுதான் ஆட்டோ பிடித்தேன்.

சிக்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது கடை. கடைக்காரர் முதலில் ஃப்ளாஷுக்கு முன்னால் மாட்டும் வெள்ளைக் குடையைத்தான் எடுத்துக் காட்டினார். எனக்கும் அதுதான் பிடித்தது. விரித்தால் வெளிச்சம், மடக்கினால் பைக்குள். அவள் வேண்டாம் என்றாள். குடை வெளிச்சத்தை நாலா பக்கமும் இறைக்கும், நம் ஆட்களின் வீடெல்லாம் ஒற்றை அறை, சுவரெல்லாம் பச்சை டிஸ்டெம்பர், அந்தப் பச்சை முழுக்க முகத்தில் வந்து விழும் என்றாள். அதனால் சாஃப்ட்பாக்ஸ். கறுப்புத் துணியில் தைத்த பெட்டி, முன்பக்கம் மட்டும் வெள்ளைத் துணி. வெளிச்சம் அந்த வழியாக மட்டும் வரும். அவளே ஸ்டூலில் உட்கார்ந்து, ஃப்ளாஷை மாட்டித் தன் மேல் அடிக்கச் சொன்னாள். சுவரில் விழுந்த அவள் நிழலுக்கு விளிம்பே இல்லை.

எப்போதாவது கிடைக்கிற கல்யாணத்தில் மேடைப் பக்கம் இந்தக் கறுப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் பெரியவர்கள் என்னை உதைப்பார்கள் என்றேன். மஞ்சள் துணியில் ஓர் உறை தைத்துத் தருகிறேன் என்றாள். தைக்க அவளுக்கு நாள் இருக்குமா என்று என் புத்தி அங்கேயே நின்று கணக்குப் போட்டது. எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

ஸ்டாண்டு எடுக்கும்போதுதான் சண்டை. நான் கனமான உயர ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். சாவு வீட்டில் பெண்கள் ஓடி வந்து மேலே விழுந்து அழுவார்கள், ஒல்லிக்கால் ஸ்டாண்டு இடறினால் ஃப்ளாஷ் போச்சு. அவள் அதை இறக்கிக் காட்டச் சொன்னாள். எவ்வளவு இறக்கினாலும் இடுப்புக்குக் கீழே போகவில்லை. கடை மூலையில், கால்களைத் தரையோடு விரித்து நிற்கும் ஒரு குட்டை ஸ்டாண்டு இருந்தது. பெரிய ஸ்டூடியோக்களில் ஆளுக்குப் பின்னால் தெரியாமல் விளக்கு வைப்பதற்கானது. அதுதான் வேண்டும் என்றாள். இதை வைத்துக்கொண்டு பூனைக்குட்டியையா படம் எடுக்கப் போகிறோம் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார், அவளும் சிரித்தாள், ஆனால் ஸ்டாண்டை விடவில்லை. எடுத்துத் தொலை என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

வெளியே வந்ததும் அவளுக்கு நிற்க முடியவில்லை. பக்கத்து ஓட்டலில் உட்கார வைத்து, ஒன்றை இரண்டு டம்ளரில் பிரித்துத் தரும் பைட்டூ காபி சொன்னேன். தன் பங்கை அவள் தொடவில்லை. டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எத்தன பேர நான் கட்டியிருக்கேன். அது எப்படின்னு எனக்குத் தெரியும். என்னைய சேர்ல வச்சுக் கட்ட விடாதீங்க. படுத்த மாதிரியே எடுங்க. லைட்ட மட்டும் கிட்ட கொண்டாந்து தாழ வைங்க."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். விடியற்காலையில் உயிர் பிரிந்தது. பத்து மணிக்கெல்லாம் ஆம்பூரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த முரட்டு ஆள், அதிகம் பேசமாட்டார். குளிப்பாட்டி முடித்ததும் அவரே பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். நான் குறுக்கே நின்றேன். ஊருக்கெல்லாம் உட்கார வைத்து எடுத்தவன் தன் பெண்டாட்டிக்கு மாட்டேன் என்கிறானே என்று வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. என் காதில் விழ வேண்டுமென்றே பேசினார்கள். யார் சொன்னாலும் நகர்வதில்லை என்றுதான் இருந்தேன்.

"மாப்ள, அம்மாவால எழுந்து வர முடியல. படுத்திருக்கிற படத்தக் கொண்டுபோய்க் காட்டுனா தாங்காது. உக்காந்திருந்தா எப்படியோ பாத்துக்கும்," என்றார் மச்சான்.

"கட்ட விடமாட்டேன் மச்சான். அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை அடித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"கட்ட வேணாம். நான் புடிச்சிக்கிறேன்."

பெண்கள் அவளைத் தூக்கி அவர் மார்பில் சாய்த்தார்கள். முந்தானைக்கு உள்ளே கையை விட்டு இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தலை சரியாமல் தன் தாடையால் முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குட்டை ஸ்டாண்டைத் தரையோடு நகர்த்தி, சாஃப்ட்பாக்ஸை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஃப்ளாஷுக்கும் கேமராவுக்கும் ஒயரைச் செருகினேன். ஓடி ஓடித் தேய்ந்த அந்த முகத்தை வியூஃபைண்டரில் பார்த்து அழுதுகொண்டே ஃபோகஸ் செய்தேன். அடித்தேன்.

"ஆச்சு மச்சான்," என்றேன்.

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"இன்னொண்ணு எடுங்க மாப்ள."

எடுத்தேன். ஃப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஏறும் சன்னமான சத்தம் மட்டும் அறையில் கேட்டது. இன்னொன்று என்றார். அதையும் எடுத்தேன். வெளியே பாடை கட்டி முடித்துவிட்டார்கள், நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. தங்கையின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியைக் கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டு, இன்னொண்ணு என்றார்.

ஃபிலிம் ரோல் தீர்ந்துபோனது. நான் அதைச் சொல்லவில்லை. கேமராவைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி ஃப்ளாஷின் பட்டனை மட்டும் அழுத்தி வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.