குழவிக்கு வந்த நோட்டீஸ்

வேம்புலியம்மாளிடம் ஒரு கையெழுத்து வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. கேஸ் சிலிண்டர் ரசீதானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவாள். திருமுல்லைவாயிலில் அவள் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் அவளை ‘ரூல் அக்கா’ என்பார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். போகப் போக மரியாதையாகிவிட்டது.

அந்தப் பழக்கம் அவளுக்குச் சும்மா வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு திருகாணிக் கம்பெனியில் பதினேழு வருஷம் வேலை பார்த்தாள். ஒருநாள் ‘போனஸ் பேப்பர்’ என்று நீட்டிய தாளில் நாற்பது பெண்களும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். தாங்களாகவே வேலையை விட்டுப் போகிறோம் என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் அப்பனும் ஆத்தாளும் கழனியில் கூலிக்கு நின்ற காலத்தில் கைநாட்டு வாங்கி ஏமாற்றினார்கள். மகள் பள்ளிக்கூடம் போய் வந்தபின் கையெழுத்து வாங்கி ஏமாற்றினார்கள். எழுதத் தெரிந்தவளைப் பார்த்து ஏமாற்றுக்காரன் பயப்படுவதில்லை. படித்துப் பார்க்கிறவளைப் பார்த்துத்தான் பயப்படுவான். வேம்புலியம்மாள் அன்றிலிருந்து படித்துப் பார்க்கிறவள் ஆனாள். கடன் வாங்கி ஆட்டோ எடுத்தாள். பதினோரு வருஷமாக அந்த ஆட்டோ அவள் வீட்டெதிரே, மூன்றாவது குறுக்குத் தெருவின் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள், முதல் சவாரிக்குக் கிளம்ப வெளியே வந்தவள், அடுத்த வீட்டுக் குணசேகரன் தெருவோரத்தில் குந்தியிருப்பதைப் பார்த்தாள். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சள். எதிரே ஒரு ஆட்டுக்கல் குழவி. அவர் வீட்டுக் கொல்லைப்புறத்துக் குழவிதான். கிரைண்டர் வந்தபிறகு அதை யாரும் தொடுவதில்லை. முழுக்க மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, கல்லுக்கு ஜொரமா? பத்து போட்டு ஒக்கார வெச்சிகீறே?”

குணசேகரன் நெளிந்தார். “சும்மா ஒரு அடையாளத்துக்கு, வேம்பு. கார் வாங்கியிருக்கேன்ல? சாயங்காலம் டெலிவரி. எவனாச்சும் இங்க வண்டிய விட்டுட்டுப் போயிருவான்.”

“பதினோரு வருசமா இங்க வண்டி உடுறது நானு.”

“உன்னுது சின்ன வண்டி. எங்கயும் சொருகிக்கலாம்ல?”

அவர் கணக்கு என்னவோ சரிதான். செங்கல்லை வைத்தால் நகர்த்திவிடுவார்கள். பூந்தொட்டியை வைத்தால் தூக்கிக்கொண்டே போய்விடுவார்கள். மஞ்சளும் குங்குமமும் இருக்கிற கல்லைத் தொட நம் ஊரில் எவனுக்குத் துணிச்சல் உண்டு? ஆனால், அவருக்கே அந்தத் துணிச்சல் இல்லாமல் போகும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சாயங்காலம் கார் வருவதற்குள் தெருக்கோடி வீட்டுப் பார்வதம் குழவிக்கு ஒரு முழம் பூ சாத்தி, கற்பூரம் ஏற்றிவிட்டாள். ஆடி முதல் வெள்ளிக்கு எலுமிச்சை வந்தது, வேப்பிலை வந்தது. இரண்டாம் வெள்ளிக்குக் கூழ் ஊற்றினார்கள். புதுக் கார் முக்கு ரோட்டில் போய் நின்றது. வேம்புலியம்மாளின் ஆட்டோ அதற்குப் பின்னால்.

வேம்புலியம்மாள் பார்வதத்திடம் நேராகவே சொன்னாள். “அது குணா அண்ணன் வெச்ச கொழவி பார்வதம். நானே என் கண்ணால பாத்தேன்.”

“அவர் கையால வெளிய வரணும்னு ஆத்தா நெனச்சிகீறா” என்று பார்வதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று முதல் பிரசாதம் குணசேகரனுக்குத்தான் வந்தது. மனுஷன் அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முக்கில் நிறுத்தியதற்கு வேம்புலியம்மாளின் செல்போனில் அபராதம் வந்து விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. புரட்டாசிக் கடைசியில் ஆட்டோவுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், அபராதம் பாக்கி இருந்தால் எஃப்.சி. கிடையாது, எஃப்.சி. இல்லையென்றால் வண்டி ரோட்டில் இறங்கக்கூடாது. வண்டி இறங்காவிட்டால் அடுப்பு எரியாது.

முக்கை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனாள். “நிறுத்தக்கூடாதுன்னு போர்டு எங்க சார் கீது? போர்டே இல்லாத எடத்துல எந்த ரூல்ல ஃபைன் போட்டீங்க?”

அதிகாரி படங்களைப் பார்த்தார். இரண்டு அபராதங்களை அடித்துவிட்டார். மூன்றாவது அபராதத்துக்குப் போலீஸ் எடுத்த படத்தில் ஆட்டோ நின்றது பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டின் மேல்.

“அது என் தப்பு சார். கட்டிடறேன்.”

“ஏம்மா, ஊட்டாண்ட நிறுத்த வேண்டியதுதானே?”

“அங்க சாமி பார்க்கிங் போட்டுகீது சார்.”

அவர் சிரித்தார். அடுத்த வாரமே முக்கில் பளபளவென்று ‘நிறுத்தக்கூடாது’ போர்டு நட்டுவிட்டார்கள். அவள் கேட்டதும் நியாயம், அவர்கள் நட்டதும் நியாயம். ஆனால் இனி விழுகிற ஒவ்வொரு அபராதமும் செல்லும். ரயிலடி ஸ்டாண்டில் இருசக்கர வண்டிக்குத்தான் இடம். ஆட்டோ தெருவுக்குள் வந்தாக வேண்டும். அதற்குக் குழவி நகர்ந்தாக வேண்டும்.

மாநகராட்சி வட்டார அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் கௌதம் நல்ல பிள்ளை. மனுவைப் பார்த்ததும் வேர்த்துவிட்டது. “அம்மா, இது சாமி விஷயம். நான் கை வெச்சா நாளைக்கே ஆபீஸ் வாசல்ல கூட்டம் நிக்கும். கோயில்னா கோயில் துறைகிட்டதான் கேக்கணும்.”

வேம்புலியம்மாள் கேட்டாள். தகவல் உரிமைச் சட்டத்தில், மூன்றாவது குறுக்குத் தெருவில் கோயில் ஏதாவது உண்டா என்று ஒரே ஒரு கேள்வி. இருபத்தாறாம் நாள் பதில் வந்தது: அப்படி ஒரு திருக்கோயில் பட்டியலில் இல்லை. அதைக் கௌதம் மேஜைமேல் வைத்தாள்.

“கோயில் இல்லன்னு அவங்களே எழுதிக் குட்துட்டாங்க. அப்ப அது இன்னா சார்? தெருவுல கெடக்குற கல்லு. கல்லுக்கு உங்க விதியில ரூல் கீது.”

கௌதம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “உரிமையாளருக்கு நோட்டீஸ் குடுக்கணும்னு இருக்கு. உரிமையாளர் யாரு?”

அவளுக்குத் தெரியும். ஒரு பெயர் எழுதினால் போதும், வேலை முடிந்துவிடும். ஆனால் வெள்ளம் வந்த வருஷம் அவள் பீரோவைத் தன் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனவர் குணசேகரன். செய்தது முட்டாள்தனம், திருட்டு அல்ல.

“தெரியலன்னா பொருள் மேலயே ஒட்டலாம்னு அடுத்த வரியிலயே கீதே சார். நீங்க பட்சிங்களா?”

கௌதம் படிக்கவில்லை. இப்போது படித்தார்.

மஞ்சளும் எண்ணெயும் ஊறிய கல்லில் பசை ஒட்டவில்லை. வந்த ஊழியர் பூமாலை நாரிலேயே நோட்டீஸைச் சொருகிவிட்டுப் போனார். ‘இப்பொருளின் உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் தாமே அகற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் அப்புறப்படுத்தி ஏலம் விடப்படும்.’

“சாமிக்கே நோட்டீஸா? கண்ணு அவிஞ்சிடும்டி!” என்று பார்வதம் குதித்தாள்.

“இன்னாத்துக்குக் கத்துற? ஏழு நாள் டைம் குட்துகீறாங்க. சாமின்னா தானே எழுந்து போவட்டும்.”

ஆறு நாள் சாமி எழுந்து போகவில்லை. குணசேகரன்தான் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஏழாம் நாள் காலையில் அவர் மனைவி சரசா, கோலம் போட வந்தவள், நோட்டீஸை முதல்முறையாக முழுக்கப் படித்தாள். ‘ஏலம்’ என்ற இடத்தில் அவள் கண் நின்றது. புடவையை இழுத்துச் சொருகினாள். மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“எங்கம்மா சங்கரன்கோயில்லருந்து வண்டி வச்சு அனுப்புன சீரு. இத எவன் ஏலம் விடுறது, பாக்குறேன்!”

“ஐயோ சரசாக்கா, சாமிய...” என்று ஓடிவந்தாள் பார்வதம்.

“சாமியா? இதுல எத்தன மூட்டை அரிசி ஆட்டியிருக்கேன் நான்! சந்தேகம்னா பின்னாடி வந்து பாரு. ஒரலு அங்கதான் கெடக்கு.”

குழவியை இடுப்பில் சுமந்துகொண்டு சரசா நடந்தாள். பின்னால் பார்வதம், பார்வதத்தின் பின்னால் தெருப் பெண்கள், கடைசியில் வேம்புலியம்மாள். கொல்லையில் உரலில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு, சரசா குழவியைக் குழிக்குள் இறக்கினாள். ‘டக்’கென்று போய் உட்கார்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். இம்மி பிசகவில்லை.

பார்வதம் குனிந்து உரலுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, “அப்ப அந்தக் கூழு?” என்றாள்.

“கூழு நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் வேம்புலியம்மாள். பார்வதத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை குணசேகரனின் கார் அந்த இடத்தில் நின்றது. ஆட்டோ வருவதைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சாவியோடு ஓடிவந்தார். “எடுத்துர்றேன் வேம்பு, எடுத்துர்றேன். உன் எடம்...”

“எந்த ரூல்ல கீது அது என் எடம்னு? தெரு அண்ணாத்தே அது. கொஞ்சம் முன்ன தள்ளு, பின்னால நான் நொழைஞ்சிக்கிறேன்.”

நாலடி தள்ளினார். இரண்டும் நின்றன.

ஐப்பசி முதல் வாரம், எஃப்.சி. முடிந்து மஞ்சள் பெயிண்ட் வாசனையோடு நின்ற ஆட்டோவைத் தேடிக் கௌதமே வந்தார். புகாரை முடிக்கக் கையெழுத்து வேண்டுமாம். வேம்புலியம்மாள் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து படித்தாள்.

“‘வழிபாட்டுச் சிலை அகற்றப்பட்டது’ன்னு போட்டுகீறீங்க. இன்னும் பத்து வருசம் கழிச்சி எவனாவது இந்தப் பேப்பரை எடுத்துகினு வந்து, இங்க ஒரு கோயில் இருந்துச்சு, இடிச்சிட்டாங்கன்னுவான்.”

“வேற என்னன்னும்மா எழுதறது?”

“உள்ளத எழுதுங்க சார்.”

கௌதம் ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து, அடித்து, மேலே எழுதினார்: ‘ஆட்டுக்கல் குழவி ஒன்று, உரிமையாளரால் வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.’ அவள் மறுபடியும் படித்தாள். பிறகுதான் பேனாவைக் கேட்டாள்.